கிளாம் மெட்டல் என்றால் என்ன? ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’ ஆல்பத்தை வைத்து ஓர் அறிமுகம்

கிளாம் மெட்டல் என்று இணையத்தில் தேடினால் பாட்டுக்கு முன்னால் தலைமுடிதான் வந்து நிற்கும். ஊதிப் பெருத்த முடி, உதட்டுச் சாயம், கண் மை, உடம்போடு ஒட்டிய கால்சட்டை என்று நாலைந்து ஆண்கள் கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார்கள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘வேஷம் கட்டுகிற கூட்டம்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். வேஷம் என்பது உண்மைதான், அதை அவர்களே மறுக்க மாட்டார்கள். ஆனால் வேஷத்துக்கு உள்ளே ஓடுகிற பாட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்த வகை பிடிபடும். அதற்கு ஓர் ஆல்பம் போதும்: மாட்லி க்ரூ என்ற லாஸ் ஏஞ்சலஸ் குழு 1981 நவம்பரில் வெளியிட்ட முதல் ஆல்பம், ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’.

விற்பனையில் இதைத் தூக்கிச் சாப்பிட்ட கிளாம் மெட்டல் ஆல்பங்கள் நிறைய உண்டு. இதே குழுவே பின்னால் இதைவிடப் பெரிய வெற்றிகளைக் கண்டது. இருந்தாலும் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். கிளாம் மெட்டல் ஒரு சந்தைச் சரக்காக மாறுவதற்கு முன்பே, கையில் காசில்லாத நாலு பேர் அவசர அவசரமாகப் பதிவுசெய்து, தாங்களே ஒரு லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) பெயரை உண்டாக்கிக்கொண்டு வெளியிட்டது இது. அடுத்த ஆண்டே ஒரு பெரிய கம்பெனி இதை வாங்கி, துடைத்து மெருகேற்றி மறுபடியும் கடைக்கு அனுப்பியது. அதனால் ஒரே பாடல்கள் இரண்டு விதமான ஒலியில் நமக்குக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

முதலில் அடிப்படை. கிளாம் மெட்டல் என்பது ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையின் ஒரு கிளை. ஹெவி மெட்டலின் உயிர் கிட்டாரில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அதன் கொள்ளளவுக்கு மேல் விரட்டினால் ஒலி கிழிந்து, கரகரத்து, அதே சமயம் கனத்துப்போகும். இதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். அந்தக் கரகரப்பில் ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், அதுதான் ரிஃப். ரிஃப்களை அநேகமாகப் பவர் கார்டுகளால் கட்டுவார்கள். கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. நம் கணக்கில் சொன்னால், பவர் கார்டு என்பது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். நடுவே வரவேண்டிய காந்தாரத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே கிழிந்திருக்கும் ஒலியில் காந்தாரத்தையும் சேர்த்தால் எல்லாம் குழம்பிக் கலங்கலாகிவிடும்.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஒரு கார்டு மகிழ்ச்சியாக ஒலிக்கிறதா சோகமாக ஒலிக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்தக் காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் கிட்டார் எந்தப் பக்கமும் சாயாமல் முரட்டுத்தனமாக நிற்கும். பாட்டின் குணத்தைப் பாடகரின் மெட்டு தீர்மானித்துக்கொள்ளலாம். அந்த முரட்டுத் தளத்தின் மேல் இருளையும் அச்சத்தையும் வைத்தது பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் குழு. கிளாம் மெட்டல்காரர்கள் அதே தளத்தின் மேல் பாப் பாட்டை வைத்தார்கள். ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி, அதை நாலு பேரும் சேர்ந்து கத்துவது, மூன்றரை நிமிடத்தில் முடித்துக்கொள்வது. பலாப்பழம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே முள், உள்ளே சுளை.

கிளாம் என்ற பாதி எங்கிருந்து வந்தது? 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் டி. ரெக்ஸ், ஸ்லேட், ஸ்வீட், டேவிட் போவி போன்றவர்கள் மினுமினுப்புப் பொடியும் உயரக் குதிகால் செருப்புமாக மேடையேறினார்கள். அது கிளாம் ராக். அமெரிக்காவில் அதைக் கந்தலும் கோலமுமாக எடுத்துக்கொண்டது நியூயார்க் டால்ஸ் குழு. உதட்டுச் சாயமும் குதிகால் செருப்புமாக அவர்கள் உட்கார்ந்திருக்கும் முதல் ஆல்பத்தின் அட்டைப்படம் 1973-ல் வந்தது. அடுத்த ஆண்டு கிஸ் குழு முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு வந்து சேர்ந்தது. ‘ஆம்பளை மேக்கப் போடுவதா’ என்று ஊர் முகம் சுளிக்கச் சுளிக்க இளைஞர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது. அப்படிப் பிடித்துப்போனவர்களில் ஒருவன் ஃப்ராங்க் ஃபெரானா. தன் பெயரைச் சட்டப்படியே நிக்கி சிக்ஸ் என்று மாற்றிக்கொண்டவன்.

மேடை வேஷத்தில் இருப்பவர்களை ‘அவர்’ என்று எழுத மனம் வருவதில்லை, ஆனால் இவர்கள் எல்லோரும் இப்போது தாத்தா வயதுக்காரர்கள். ஆகவே மரியாதையோடே தொடர்வோம்.

நிக்கி சிக்ஸ் பேஸ் கிட்டார் வாசிப்பவர், பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. லண்டன் என்ற குழுவிலிருந்து விலகி, 1981 ஜனவரியில் டாமி லீ என்ற டிரம்மரோடு சேர்ந்து புதுக்குழு தொடங்கினார், அதுதான் மாட்லி க்ரூ. டாமி லீக்கு அப்போது 18 வயது. இலவச விளம்பரங்கள் வரும் ‘தி ரீசைக்ளர்’ பத்திரிகையில், சத்தமாகவும் முரட்டுத்தனமாகவும் வாசிக்கிற கிட்டார்காரர் வேலைக்குத் தயார் என்ற பொருளில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. கொடுத்தவர் மிக் மார்ஸ். மற்றவர்களைவிடப் பல வயது மூத்தவர், பல குழுக்களில் அலைந்து களைத்தவர், முதுகெலும்பை மெல்ல மெல்ல இறுக்கும் ஒரு நோயோடு வாழ்பவர். பாடகர் வின்ஸ் நீல், டாமி லீயின் பள்ளிக்கூடப் பழக்கம். வேறொரு குழுவில் பாடிக்கொண்டிருந்தவரை இழுத்து வந்தார்கள்.

குழுவின் பெயர் மிக் மார்ஸின் யோசனை. ஆங்கிலத்தில் அதை Mötley Crüe என்று எழுதுவார்கள். அதன் இரண்டு உயிரெழுத்துகளின் தலைமேல் வைத்த ஜெர்மன் புள்ளிகளுக்கு உச்சரிப்புக் காரணம் எதுவும் கிடையாது. அப்போது அவர்கள் குடித்துக்கொண்டிருந்த லோவன்ப்ராவ் பியர் புட்டியின் மேல் அப்படி இருந்தது, அவ்வளவுதான். பிறகு ஜெர்மனிக்குப் போனபோது ரசிகர்கள் அந்தப் புள்ளிகளை மதித்துப் பெயரை வேறு விதமாக உச்சரித்துக் கத்தினார்களாம், மேடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம். கிளாம் மெட்டலில் எழுத்துக்குக்கூட மேக்கப் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய மேற்கு ஹாலிவுட்டில், சன்செட் பூல்வார்டு என்ற நீண்ட சாலையின் ஒரு துண்டுக்குச் சன்செட் ஸ்ட்ரிப் என்று பெயர். விஸ்கி எ கோ கோ, ராக்ஸி, கஸாரிஸ் முதலிய கிளப்புகள் அங்கே நடந்து போகும் தூரத்துக்குள் இருந்தன. 1970களில் வான் ஹேலன் என்ற ராக் குழு இந்தக் கிளப்புகளில் வாசித்துத்தான் மேலே வந்தது. ஆனால் 1981-ல் அங்கிருந்த ரெக்கார்டு கம்பெனிகள் தேடியது நியூ வேவ் குழுக்களை. ஒல்லியான டை, சுத்தமான கிட்டார், துள்ளல் தாளம். நீளமுடிக்காரர்கள் பழைய சரக்கு என்று கருதப்பட்டார்கள். இதே நகரத்தின் குவயட் ரையட் குழு, ராண்டி ரோட்ஸ் போன்ற கிட்டார் கலைஞரை வைத்துக்கொண்டும் 1970களின் பிற்பகுதியில் தன் முதல் இரண்டு ஆல்பங்களை ஜப்பானில்தான் வெளியிட முடிந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே மாட்லி க்ரூ யாருடைய கதவையும் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஏப்ரலில் ஸ்டார்வுட் கிளப்பில் மேடையேறினார்கள். அதே கிளப்பில் நிக்கி சிக்ஸ் முன்பு துப்புரவு வேலை பார்த்தவர். விஸ்கி எ கோ கோ கிளப்புக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் கூட்டாகத் தங்கிக்கொண்டு, கம்பங்களிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, மேடையில் நிக்கி சிக்ஸின் பூட்ஸுக்குத் தீ வைத்து வேடிக்கை காட்டி, வாய்வழியாகவே கூட்டம் சேர்த்தார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு பாடல்களைப் பதிவுசெய்தார்கள். பெரிய ஸ்டூடியோ இல்லை, பெயர்பெற்ற தயாரிப்பாளர் இல்லை, தயாரிப்பு என்ற இடத்தில் குழுவின் பெயரே இருக்கும். வெளியிட்ட லேபிளின் பெயர் லெதர் ரெக்கார்ட்ஸ், அதிலும் ஒரு எழுத்தின் மேல் அந்தப் புள்ளிகள். லேபிள் என்றால் அலுவலகம், ஆட்கள் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். தங்கள் இசைத்தட்டைத் தாங்களே விற்க வைத்துக்கொண்ட பெயர். முதல் அச்சில் வந்தவை வெறும் 900 தட்டுகள். கிரீன்வேர்ல்டு என்ற விநியோக நிறுவனம் அதைக் கடைகளுக்குக் கொண்டுபோனது. அச்சுக்கு மேல் அச்சு போட்டு மொத்தம் சுமார் 20,000 விற்றார்கள். முதல் அச்சின் அட்டையில் எழுத்து வெள்ளை, இரண்டாவதில் சிவப்பு. சேகரிப்பவர்களுக்கு அந்த வெள்ளை எழுத்து ஒரு பொக்கிஷம்.

அட்டைப்படத்தில் முகமே கிடையாது. வின்ஸ் நீலின் இடுப்புப் பகுதி மட்டும், தோல் கால்சட்டையும் பெல்ட்டுமாக. ரோலிங் ஸ்டோன்ஸ் 1971-ல் வெளியிட்ட ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ அட்டைக்கு இது நேரடி வணக்கம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் வரவேற்பறையில் வைக்கிற அட்டை இல்லை.

இப்போது பாட்டுக்கு வருவோம். ‘லைவ் வயர்’தான் இரண்டு பதிப்புகளிலும் முதல் பாடல். கிட்டார் மட்டும் தனியாக, மிக வேகமாக, நரம்பை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு தடதடவென்று தொடங்குகிறது. மற்றவர்கள் வந்து விழுந்ததும் பாட்டு ஓட்டமெடுக்கிறது. இந்த வேகம் 1970களில் எழுந்த எளிய, முரட்டு ராக்கான பங்க் ராக்கிலிருந்து வந்தது, அந்தக் கரடுமுரடான ஒலியும் அப்படித்தான். ஆனால் பல்லவி வரும்போது கவனியுங்கள். கூட்டமே சேர்ந்து பாடும்படி அது திறந்துகொள்கிறது. நடுவில் பாட்டு சற்று இளைத்து, டாமி லீ கௌபெல்லைத் தட்டும் இடம் வருகிறது. மாட்டுக் கழுத்து மணியின் வம்சத்தில் வந்த அந்தச் சின்னக் கருவி பாப் பாட்டிலும் நடனப் பாட்டிலும் புழங்குவது. கொலைவெறியோடு ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு நிமிடம் இடுப்பை ஆட்டிவிட்டுத் திரும்பவும் ஓடுகிறது. இருட்டுக் குகைக்குள் உட்கார்ந்து எழுதிய மெட்டலில் இதைப் பார்க்க முடியாது.

‘ஸ்டாரி ஐஸ்’, ‘டேக் மி டு த டாப்’ இரண்டும் சுளைப் பக்கம். கிட்டாரின் கரகரப்பைக் கழித்துவிட்டுக் கேட்டால் 1970களின் வானொலிப் பாப் என்றே சொல்லிவிடலாம். இது என் கற்பனை இல்லை என்பதற்கு ஒரு தடயம் இருக்கிறது. பின்னால் வந்த மறுவெளியீட்டில் போனஸாகச் சேர்த்த ‘டுநைட்’ என்ற பாட்டு இவர்களுடையதே இல்லை, ராஸ்பெர்ரீஸ் குழுவுடையது. ராஸ்பெர்ரீஸ் என்றால் தேன் ஒழுகும் மெட்டுக்குப் பேர்போன, பவர் பாப் என்ற வகையின் முன்னோடிகள். தோலும் ஆணியும் மாட்டிக்கொண்ட இந்த முரடர்கள், முதல் ஆல்ப காலத்தில், யாருடைய பாட்டை எடுத்து வாசித்துப் பார்த்தார்கள் என்பது நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ‘பப்ளிக் எனிமி நம்பர் 1’ நிக்கி சிக்ஸின் பழைய லண்டன் குழு நாட்களின் மிச்சம், அக்குழுவின் லிஸ்ஸி கிரேயோடு சேர்ந்து எழுதியது. ‘மெர்ரி கோ ரவுண்ட்’ மெதுவாக நகர்ந்து பிறகு கனக்கும் பாட்டு. ‘கம் ஆன் அண்ட் டான்ஸ்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

கடைசிப் பாடலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ‘ஆன் வித் த ஷோ’, அமைதியான கிட்டாரில் தொடங்குகிறது. முதல் வரியிலேயே ஃப்ராங்கி என்பவன் செத்துப்போனதாகச் செய்தி வருகிறது. தெருவில் ஏதோ வன்முறைக் கதை சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஃப்ராங்கி வேறு யாருமில்லை, பழைய பெயரோடு நிக்கி சிக்ஸ் குழிதோண்டிப் புதைத்த ஃப்ராங்க் ஃபெரானாதான். தகப்பன் விட்டுப்போன, வீடு விட்டு வீடு மாறி வளர்ந்த பையன் தன் இரங்கல் பாட்டைத் தானே எழுதிவிட்டு மேடைக்குப் போகிறான். இந்தத் தகவல் தெரிந்த பிறகு மேக்கப்பைப் பற்றிய என் எண்ணம் கொஞ்சம் மாறியது. வேஷம் சிலருக்கு விளம்பரம், சிலருக்கு அதுதான் புதுப்பிறப்பு.

பாடல் வரிகளில் பெண்களைப் பற்றிய பார்வை அன்றைக்கே மட்டமானது, இன்று கேட்க இன்னும் மட்டமாக இருக்கிறது. வேகம், குடி, இரவு என்று கொண்டாடிய வாழ்க்கை பாட்டோடு நிற்கவும் இல்லை. 1984 டிசம்பரில் வின்ஸ் நீல் குடித்துவிட்டு ஓட்டிய கார் மோதியதில், பின்லாந்துக் குழுவான ஹனோய் ராக்ஸின் டிரம்மர் ராஸில் இறந்துபோனார். இந்த வகை இசையை அறிமுகப்படுத்துகிறவர்கள் இதையெல்லாம் ஜாலியான கதைகளாகச் சொல்லிக் கடந்துபோவது எனக்குப் பிடிப்பதில்லை.

இனி அந்த இரண்டு பதிப்பு விஷயம். 20,000 தட்டு விற்றதும், கிளப் வாசலில் நின்ற வரிசையும் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனியின் காதுக்கு எட்டியது. டாம் ஸூட்டாட் என்ற இளம் ஊழியர் இவர்களைப் பிடித்துக் கொண்டுவந்தார். இதே ஆள் பின்னால் கெஃபன் கம்பெனிக்குப் போய் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவை ஒப்பந்தம் செய்தவர். எலெக்ட்ரா ஆல்பத்தை அப்படியே விடாமல் ராய் தாமஸ் பேக்கரிடம் ரீமிக்ஸுக்குக் கொடுத்தது. குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’யைத் தயாரித்தவர் அவர்.

ரீமிக்ஸ் என்றால் புதிதாகப் பாடுவது என்று அர்த்தமில்லை. பதிவின்போது ஒவ்வொரு கருவியும் நாடாவில் தனித்தனித் தடத்தில் இருக்கும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எதற்கு எவ்வளவு எதிரொலி சேர்ப்பது என்று முடிவுசெய்து கலப்பதுதான் மிக்ஸிங். முதல் பதிப்பைக் கலந்தவர் மைக்கேல் வாகனர் என்ற ஜெர்மானியர். அதில் குழு சின்ன அறைக்குள் நம் முகத்துக்கு நேரே வாசிப்பது போலிருக்கும், ஓரங்கள் பிசிறடிக்கும். பேக்கரின் பதிப்பில் அறை பெரிதாகிறது, ஒலி வழவழப்பாகிறது. ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ என்ற பாட்டைத் தூக்கிவிட்டு, பத்துப் பாடலை ஒன்பதாக்கி, வரிசையையும் மாற்றினார்கள். தலைப்புப் பாடலின் நீளமான முகப்பு இசையும் வெட்டுப்பட்டது. 1982 ஆகஸ்டில் இப்படி வெளிவந்த பதிப்புதான் பில்போர்டு என்ற அமெரிக்க ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் ஏறி 77-வது இடம்வரை போனது, பின்னால் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழும் வாங்கியது. என் ஓட்டு பிசிறடிக்கும் பதிப்புக்கே. பேக்கர் பெரிய மேதை, ஆனால் முள்ளைச் சீவிவிட்டுப் பலாப்பழத்தை நீட்டினால் என்ன சுகம்?

அதே 1982-ல் கனடாவுக்குக் கச்சேரி செய்யப் போனவர்களை எட்மன்டன் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தினார்கள். ஆணி பதித்த மேடை உடைகளோடே வந்து இறங்கியிருந்தார்கள், சுங்க அதிகாரிகளுக்கு அவை ஆயுதமாகத் தெரிந்தன.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். பாட்டு வீடியோக்களை ஒளிபரப்ப 1981 ஆகஸ்டில் தொடங்கிய எம்.டி.வி. தொலைக்காட்சிக்குப் பார்வைக்குப் பளபளப்பான ஆட்கள் தேவைப்பட்டார்கள், லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் தயாராக இருந்தார்கள். 1983 இறுதியில் அதே குவயட் ரையட்டின் ‘மெட்டல் ஹெல்த்’ பில்போர்டில் முதலிடம் பிடித்தது. முன்பு கதவைச் சாத்திய கம்பெனிகள் இப்போது சன்செட் ஸ்ட்ரிப்பில் நீளமுடிக்காரர்களைத் தேடி அலைந்தன. 1984-ல் ராட், 1986-ல் சிண்டரெல்லா, பாய்சன் என்று வரிசையாக முதல் ஆல்பங்கள். பாய்சனின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட எனிக்மா, கிரீன்வேர்ல்டின் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பிய லேபிள். 1989-ல் ஸ்கிட் ரோவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தது நம் மைக்கேல் வாகனர். முகப்பூச்சு ஏற ஏற, மெதுவான காதல் பாட்டைப் பெரிய கிட்டாரோடு பாடும் பவர் பாலட் கட்டாயமாகிவிட்டது. 1991-ல் நிர்வாணா என்ற குழு, வேஷமில்லாத கிரஞ்ச் வகை ராக்கோடு வந்து கடையைச் சாத்தவைத்த கதை பலருக்கும் தெரியும். அதற்கு முன்பே கடையில் ஒரே மாதிரிச் சரக்கு குவிந்து கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: எலெக்ட்ரா பதிப்புதான் எளிதில் கிடைக்கும், தயங்காமல் அதிலேயே தொடங்குங்கள். ‘லைவ் வயர்’, ‘ஸ்டாரி ஐஸ்’, ‘ஆன் வித் த ஷோ’ மூன்றையும் அந்த வரிசையில் கேளுங்கள், முழு ஆல்பத்துக்கு அப்புறம் போகலாம். லெதர் பதிப்பு 2003-ல் வந்த குறுந்தட்டுத் தொகுப்பில் உண்டு. கிடைத்தால் தலைப்புப் பாடலை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ராஸ்பெர்ரீஸின் ‘டுநைட்’டையும் இவர்களுடைய ‘டுநைட்’டையும் அப்படியே. பாய்சனின் ‘லுக் வாட் த கேட் டிராக்டு இன்’னை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். அந்த அட்டையில் நாலு முகமும் இருக்கும், முழு மேக்கப்போடு.